அணியத்து மரம்

கொட்டாப்புளியை இடுப்பிலிருந்து எடுக்காமல் இன்னும் எத்தனை நேரம் இந்தப் பாய்மர வத்தையைச் சுற்றிச் சுற்றி வர முடியும் என்று யோசித்துக்கொண்டே கஸ்பார் அதன் பின்கோடியில் மணலில் குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, அடிக்கட்டையை நெடுகப் பார்த்தார். நேராகத்தான் ஓடியது. நடுவில் தொங்கவில்லை, ஒரு பக்கம் கோணவில்லை. பழைய வத்தை வாங்கப் போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், இது கோணிவிட்டால் மற்றதெல்லாம் எப்படி இருந்தும் புண்ணியமில்லை. கண் இன்னும் விட்டுப்போகவில்லை என்று அவருக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. கண்ணுக்காகவா அவரை இவ்வளவு தூரம் ஆட்டோவில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் மாப்பிள்ளை எட்வின்? கண் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. கஸ்பார் என்றால் காது. பத்து ஊர்க் கடற்கரைக்கும் அது தெரியும். இடுப்பில் செருகிய அந்தப் புளியமரச் சுத்தியலால் பலகையில் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இந்த இடத்தில் மரம் செத்துவிட்டது, இந்த ஆணி உள்ளே கரைந்துவிட்டது, இங்கே புழு புகுந்துவிட்டது என்று சொல்லுவார். பிறகு பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். நல்ல மரத்துக்கு ஒரு குரல், கெட்ட மரத்துக்கு ஒரு குரல். அந்த இரண்டு குரலும் இப்போது அவருக்கு ஒன்றுதான். ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது, கை அதிர்வது தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. இது அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மனைவி ரோசம்மாளுக்குக்கூட, சொன்னதைக் காதில் வாங்காத மனுசன் என்ற பழைய கோபம்தானே தவிர, வாங்கவே முடியாத மனுசன் என்று தெரியாது. கல்யாணமான நாளிலிருந்தே அவர் அப்படித்தான் என்பது அவள் கட்சி.

எழுந்து பக்கப் பலகைகளின் இணைப்பை விரலால் தடவிக்கொண்டு நடந்தார். தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கிற கலப்பத்துப் பஞ்சு புதிதாக அடித்திருந்தார்கள், எண்ணெய் இன்னும் விரலில் ஒட்டியது. ஆணித் தலைகளிலிருந்து துருக் கண்ணீர் ஒழுகவில்லை. ஒழுகினாலும் தெரியாது, மேலே புது நீலப் பெயிண்ட். புதுப் பெயிண்ட் என்றாலே கஸ்பாருக்கு ஆகாது. விற்கிறவன், வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளையடிப்பதுபோல அடித்து வைத்திருப்பான், உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்கே மறந்துபோயிருக்கும். ஆனால் வத்தையை விற்கிற இந்தத் தொம்மையைப் பார்த்தால் ஏமாற்றுகிற ஆளாகத் தெரியவில்லை. வந்து இறங்கியதுமே கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்து, "அண்ணாச்சி, நான் சொன்னா அது விக்கிறவன் பேச்சாப் போவும். மரம் என்ன சொல்லுதுன்னு நீங்களே கேட்டுக்கிடுங்க" என்றார். பாதியைக் காது கேட்டது, மீதியை உதடு பார்த்து அவரே கூட்டிக்கொண்டார். மரத்திடம் கேட்டுக்கொள்ளட்டுமாம். மரம் பேசுவதை நிறுத்தி ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறதென்று அவரிடம் எப்படிச் சொல்வது? வலது காது போனது எப்போதென்றே நினைவில்லை, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, மனிதனுக்கு எதற்கு இரண்டு என்று இருந்துவிட்டார். இடது காதும் போகிறதென்று ஒரு நாள் தெரிந்தது. கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். கோபுரத்திலிருந்து புறாக்கள் எல்லாம் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. ஏன் இப்படிப் பறக்கின்றன என்று அண்ணாந்து பார்த்தால் மேலே மணி ஆடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து புறாவைப் பார்த்துத்தான் அவர் பூசைக்குப் போகிறார்.

உள்ளே ஏறிப் பார்த்தார். வங்குக் கட்டைகள், விலா எலும்புபோல் இருபுறமும் வளைந்து நிற்பவை, ஒன்றும் வெடிக்கவில்லை. பாய்மரம் ஊன்றுகிற குழியில் கைவிட்டுத் துழாவினார், ஈரமில்லை. சுருட்டி வைத்திருந்த பாயை ஒரு முழம் விரித்து இழுத்துப் பார்த்தார், தையல் நின்றது, ஒட்டுப் போட்ட இடங்கள்கூட யோக்கியமாகப் போட்டிருந்தது. அடியில் தண்ணீர் தேங்குகிற இடத்தில் குனிந்து மோந்தார். அழுகல் இருந்தால் புளித்த நெடி மூக்கைத் தூக்கும், ஆனால் மூக்கில் ஏறியது பெயிண்ட் வாடை மட்டுமே. மூக்கையும் பெயிண்டைப் பூசி அடைத்துவிட்டார்கள். கத்தியை எடுத்து ஒரு குத்துக் குத்திப் பார்த்தால் முடிந்தது கதை, ஆனால் அந்த வழக்கம் இந்தக் கரைகளில் இல்லை. கைமாறாத வத்தையில் வாங்க வந்தவன் இரும்பு வைக்கக்கூடாது. அதற்குத் துணிந்தவனை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பார்க்கலாம், தடவலாம், மோக்கலாம், மரத்தால் தட்டலாம். அவ்வளவுதான். ஆக, கண்ணும் கையும் மூக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டன. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அவை சொன்னன. அதுதான் பயமாக இருந்தது. நன்றாக இருந்த வத்தைகள்தான் கரைக்கு வராமல் போயிருக்கின்றன, ஓட்டையைக் கண்ணால் பார்த்தவன் எவனும் அதில் ஏறுவதில்லையே.

"மாமா, நிதானமாப் பாருங்க, ஒரு அவசரமும் இல்ல" என்று எட்வின் வலைக் கொட்டகை நிழலிலிருந்து கத்தினான். விசைப்படகில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கூலிக்கு நின்று நின்று அவனுக்குத் தொண்டை ஊருக்கே பெரிசு. அந்த ஒரு விசயத்தில் மாப்பிள்ளை வாய்த்தது கஸ்பாருக்கு யோகம், அவன் சாப்பிட்டீங்களா என்று கேட்டால் அடுத்த தெருவில் பதில் சொல்லுவார்கள். நல்ல பையன். அவசரமில்லை என்று சொல்கிறவனின் கால் மட்டும் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. போன தடவை பார்த்த வத்தையைக் கஸ்பார் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதற்கு முந்தியதையும் வேண்டாம் என்றாயிற்று. இரண்டிலும் கஸ்பாருக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்காததால் பயந்து, பயந்ததால் தலையை ஆட்டி, மரம் சரியில்லை மாப்ள என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லிவிட்டார். இரண்டாவதை வேறொருவன் வாங்கி, அது இன்றைக்கும் சீலா மீனாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. எட்வின் அதைத் தினமும் பார்க்கிறான். பார்த்துவிட்டு வந்து பஹ்ரைனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேசுகிறான். செசிலி நேற்று அடுப்படியில் வந்து நின்றாள். அவள் பேசினால் கஸ்பார் முகத்தையே பார்ப்பார், மகள் மீது அவ்வளவு பிரியம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், பிரியமும்தான். "யப்பா, இதையும் வேண்டாம்னு சொல்லிராதீங்கப்பா. இதுவும் இல்லன்னா அவுக போயிருவாக" என்றாள். பிறகு ஏதோ நினைத்தவளாக, "ஆனா நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னு சொல்லிருங்க. நீங்க தட்டிப் பாத்து சரின்னா எனக்குப் பயமில்ல" என்றாள். முதலில் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டாவதையும் சொன்னாள். இரண்டும் சேர்ந்து இரவு முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை. வேண்டாமென்றால் மாப்பிள்ளை கடல் தாண்டிப் போய்விடுவான். சரியென்றால், சரியில்லாமல் இருந்தால், கடலோடு போய்விடுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் செசிலி வாசலில் நிற்கிறாள்.

கொட்டாப்புளியை எடுத்தார். எடுக்காமல் தீராது. அமரத்திலிருந்து ஆரம்பித்தார், பின்கோடிப் பலகையில் ஒரு தட்டு. கை அதிர்ந்தது. தலையைப் பழக்கத்தில் சாய்த்தார், அந்தச் சாய்ப்பு பார்க்கிறவர்களுக்கு எப்போதும் மரியாதையை உண்டாக்கும், நிழலில் இருந்த இருவரும் பேச்சை நிறுத்தியதைப் பார்த்தார். தட்டினார், நகர்ந்தார், தட்டினார். முன்பெல்லாம் இப்படி நடக்கும்போது வத்தை நெடுகப் பாட்டுப்போல ஒன்று வரும், எங்கே சுருதி இறங்குகிறதோ அங்கே நின்றுவிடுவார். இப்போது பஞ்சு மூட்டைக்குள் நின்றுகொண்டு யாரோ அடிப்பதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஒருவேளை கொஞ்சம் கேட்கிறதோ என்று தோன்றியது, அது கேட்பதல்ல, கேட்க வேண்டிய சத்தம் நினைவிலிருந்து வருகிறது, தட்டும்போதே மனசு நல்ல மரத்தின் குரலை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. தன் காதைத் தானே நம்பவைக்கிற இந்த வித்தையை அவர் வெறுத்தார். சொல்லிவிடலாமா? மாப்ள, எனக்குக் காது கேட்காது. நாலே வார்த்தைதான். சொன்னால் என்ன ஆகும்? வானம் இடியாது. ஆனால் நாளையிலிருந்து யாரும் அவரைத் தேடி வரமாட்டார்கள், வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள், பிறகு பேச்சே குறைந்துவிடும், பேரப்பிள்ளை பிறந்தால் அது அழுகிறது என்று இன்னொருவர் வந்து சொல்ல வேண்டும். அதைவிட, வேண்டாமென்று சொன்ன அந்த இரண்டு வத்தைகள். காது கேளாத கிழவன் சொன்னதை நம்பியா ஒரு வருசத்தைத் தொலைத்தேன் என்று எட்வின் கேட்பான். கேட்கமாட்டான், நல்ல பையன், பார்ப்பான். பார்த்தால் போதாதா. கஸ்பார் கூசிப்போனார்.

அப்போதுதான் பல் ஞாபகம் வந்தது. ஒரு நாள் முடிவெட்டுகிற கடையில், காதுக்குப் பின்னால் எலும்பில் மெஷினை வைத்தபோது மண்டைக்குள் அந்த இரைச்சல் முழுசாக, பழைய நாள் மாதிரி, தெளிவாகக் கேட்டது. திடுக்கிட்டு எழுந்து கன்னத்தில் கீறலும் வாங்கிக்கொண்டார். எலும்பு வழியாகக் கேட்கிறதென்றால் பல்லும் எலும்புதானே என்று, அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாசல் நிலைக்காலில் மேல்பல்லை அழுத்தி வைத்துக்கொண்டு, கையால் கட்டையைத் தட்டிப் பார்த்தார். வந்தது. மண்டைக்குள் வந்தது. தேக்கு நிலை, நல்ல மரம், ணங்கென்று பல்லின் வேர் வழியாக ஏறி நெற்றிக்கு வந்தது. கட்டில் காலைக் கடித்துத் தட்டினார், உரலைக் கடித்துத் தட்டினார், ரோசம்மாள் வந்து பார்த்துவிட்டு, பசிச்சா கேக்க வேண்டியதுதானே, உரலையா கடிக்கணும் என்றாள். அவர் பல்வலி என்று சொல்லி அவள் கொடுத்த கிராம்பையும் மென்றார். வெளியிலே செய்கிற காரியமா அது? பத்து ஊர்க் காதுக்காரன் நாய் எலும்பைக் கவ்வுவதுபோல வத்தையைக் கவ்விக்கொண்டு நிற்பதா? ஆனால் இங்கே யார் பார்க்கிறார்கள்? திரும்பிப் பார்த்தார். தொம்மையின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்திருந்தாள், மூன்று பேரும் தம்ளரும் கையுமாகக் கடலைப் பார்த்து நின்றார்கள். பலகை வழவழவென்று பல்லுக்குப் பிடி கொடுக்காது. பிடி கொடுக்கக்கூடியது ஒரே இடம்தான், அணியம். முன்கோடியில் எல்லாப் பலகையும் வந்து சேர்கிற அந்தக் கட்டையின் தலை, மணலில் ஏறி நின்ற வத்தையில் சரியாக அவர் வாய் உயரத்துக்குக் கொம்புபோல நீட்டிக்கொண்டிருந்தது. அழுகினாலும் முதலில் அழுகுகிற இடம் அதுதான், அலையை அடிப்பது அது, மழைத் தண்ணீர் இறங்கித் தங்குவதும் அதன் அடியில்தான். அந்த ஒரு கட்டை நன்றாக இருந்தால் போதும், சரியென்று சொல்லிவிடலாம், எட்வின் இங்கேயே இருப்பான், செசிலிக்குப் பயமில்லை. மனசுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் வந்ததை அவர் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் பார்வையிலிருந்து மறைவதற்காக உடம்பைக் கட்டையோடு ஒட்டி, இடது கையால் அணைத்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, நீலப் பெயிண்டின் மேல் மேல்பல்லை வைத்து அழுத்தினார். வலது கையால் கீழே தட்டினார்.

தட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பல் இறங்கியது. பெயிண்டுக்கு அடியில் மரம் பல்லுக்கு வழி விட்டது, ஊறின ரஸ்க்குபோல. இருந்தும் தட்டினார், இன்னொரு தரம் தட்டினார், தவறாக இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு மூன்றாவது தரம் தட்டினார். மண்டைக்குள் வந்தது மொத்தென்று ஒரு சத்தம், ஈர மண்ணில் தேங்காய் விழுகிற சத்தம், வந்த இடத்திலேயே அமுங்கிப் போயிற்று. மரம் செத்துவிட்டது. மேலே மட்டுமல்ல, அடிவரை செத்துவிட்டது. எந்தக் காதும் இதை இவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்காது, அவருடைய பழைய காதுகூட. ஒரு நல்ல வாடைக்காற்று, எதிரே நாலு பெரிய அலை, அணியம் பிளந்து பலகைகள் பூப்போல விரிந்துவிடும். எட்வினுக்கு நீந்தத் தெரியும், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும். கஸ்பாருக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோசம், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் வந்தது. கேட்டுவிட்டார். ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு வத்தை மரம் அவரோடு பேசிவிட்டது. இனிமேல் காரணத்தோடு வேண்டாமென்று சொல்லலாம், இந்த இடம், இந்த ஆழம், பிரித்துப் பாருங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள், எட்வின் பஹ்ரைன் போகாமல் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பான், அடுத்த வத்தையையும் இப்படியே யாரும் பார்க்காத நேரத்தில், என்று நினைத்துக்கொண்டே பல்லை எடுத்துத் தலையை நிமிர்த்தினார்.

மூன்று பேரும் அவருக்கு மிக அருகில் நின்றார்கள். தொம்மை தலைத்துண்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி முந்தானையால் தலையை மூடியிருந்தாள். எட்வினின் கண் இரண்டும் நிறைந்திருந்தது. ஏன் என்று கஸ்பாருக்கு முதலில் விளங்கவே இல்லை, மரம் செத்தது அவர்களுக்கும் தெரிந்துவிட்டதா என்றுகூட நினைத்தார். "மாமா, ஒரு வார்த்த சொல்லாம முத்தி பண்ணிட்டீங்களே" என்று எட்வின் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். முத்தி. வாங்குகிற வீட்டுப் பெரியவர் அணியத்தைக் கட்டி முத்தமிட்டால் வத்தை கைமாறிவிட்டது. அதற்கு மேல் பேச்சு கிடையாது. முத்திக்கு முன்னால் ஆயிரம் குறை சொல்லலாம், முத்திக்குப் பின் ஒரு குறை சொன்னாலும் அது குறையல்ல, சாபம், அந்த வத்தையில் ஏறுகிறவன் தலையில் போய் விழும் சாபம். அவர் எத்தனை அணியங்களை முத்தி செய்திருப்பார், எத்தனை பேருக்கு இதைக் கற்பித்திருப்பார். எப்படி மறந்தது? அவர் நினைவில் பல் மட்டும்தான் இருந்தது, வாய் இல்லை. தொம்மை ஏதோ சொன்னார், உதடு நடுங்கியதால் படிக்க முடியவில்லை. சொல்லிவிட்டு நங்கூரக் கயிற்றை எடுத்து இரண்டு கையாலும் எட்வினிடம் கொடுத்தார். எட்வின் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

இப்போது சொல்லலாம். இப்போதுகூடச் சொல்லலாம். நான் முத்தி செய்யவில்லை, கடித்துப் பார்த்தேன், ஏனென்றால். அந்த ஏனென்றாலில் போய் நாக்கு முட்டி நின்றது. ஊருக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் அந்தக் கட்டையை மாற்றிவிடலாமா என்று யோசித்தார். அணியத்தை மாற்றுவதென்றால் வத்தையையே பிரிப்பது, எட்வினுக்குத் தெரியாமல் எப்படிப் பிரிப்பது, தெரிந்தால் ஏன் என்று கேட்பான், மறுபடியும் அதே ஏன். கொஞ்ச நாள் கழித்துச் சொல்லலாம். கொஞ்ச நாள் என்றால் எத்தனை அலை? இருப்பதே இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று வேறு மனசு சொல்லத் தொடங்கியது, தட்டும்போது நல்ல குரலை எடுத்துக் கொடுக்குமே, அதே மனசு. அவருக்குத் தன் மேல் வந்த அருவருப்புக்கு அளவில்லை. வாய்க்குள் என்னவோ உறுத்தியது. நாக்கால் தேடினார். மேல்பல் இடுக்கில் பெயிண்டுச் சீவலும், அதோடு ஒட்டி வந்த மரத்தூளும், ஈரமாக, புளிப்பாக. மூக்குக்குத் தெரியாமல் போன அந்தப் புளிப்பு நாக்குக்குத் தெரிந்தது. துப்ப வேண்டும். முத்தி செய்த வாயால் அணியத்துக்கு முன்னால் நின்று எவனும் துப்பமாட்டான். மூன்று பேரும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

எட்வின் போனை எடுத்து யாரிடமோ கத்தினான். யாரிடம் என்று தெரியாதா. "உங்கப்பா முத்தியே பண்ணிட்டாரு புள்ள, நம்ப மாட்ட, கட்டிப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல. இந்தா, அவருகிட்டயே கேளு" என்று போனைக் கஸ்பாரின் இடது காதில் வைத்து அழுத்தினான். காதுக்குள் கொசு பறப்பதுபோல ஒரு மெல்லிய இழை அசைந்தது. போனில் யார் பேசினாலும் அவருக்கு அவ்வளவுதான், அது ஏறி இறங்கி நின்றதும் ஆமா என்று சொல்லிவிடுவார், இதுவரை அந்த ஒரு வார்த்தை அவரைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இன்றைக்கு அந்த இழை என்ன கேட்கிறதென்று காது இல்லாமலே அவருக்குக் கேட்டது. உலகத்திலேயே அது ஒன்றைத்தான் அவள் கேட்பாள், தட்டிப் பாத்தீங்களாப்பா, மரம் சரிதானா என்று. இழை ஏறியது, இறங்கியது, நின்றது. எதிரே எட்வின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நீல அணியத்தில் பதிந்திருந்த பல் தடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான், மாமன் எவ்வளவு அழுத்தி முத்தமிட்டிருக்கிறார் என்று அதிசயப்படுகிறவன் மாதிரி. பேச வேண்டுமென்றால் வாய் காலியாக இருக்க வேண்டும். கஸ்பார் மரத்தூளை விழுங்கினார்.

"ஆமாம்மா" என்றார்.